ஐந்து நொடி நிசப்தம்

கதை விடுகிறான் என்று நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். இது நடந்தது. பட்டப்பகலில், சேலம் அஸ்தம்பட்டியில், எங்கள் ஆபீசில். பயம்கூடப் போய்விட்டது. கோபம்தான் இன்னும் அடங்கவில்லை.

யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளும் மென்பொருள் தொகுப்பு ஒன்று. அதில் அறுபது மென்பொருள்களுக்கு நான் பொறுப்பு. ஒவ்வொன்றையும் தானாகவே உருவாக்கும் கட்டளைத் தொகுப்பு, பில்ட் ஸ்கிரிப்ட், ஒன்று உண்டு. கடைசியில் அது ஒரு சோதனை நடத்தும். அதில் தேறினால்தான் மென்பொருள் வெளியே போகும்.

மார்ச் மாதம், செவ்வாய்க்கிழமை. மதியம் 2.40. ஒலிப்பதிவு மென்பொருள் ஒன்று மூன்றாவது முறையாகத் தேறவில்லை. ரொம்பச் சின்ன சோதனை அது. மைக்கே இல்லாத கம்ப்யூட்டரில் ஐந்து நொடி பதிவு செய்யும். நிசப்தம் மட்டுமே பதிவாக வேண்டும்.

ஆனால் ஏதோ சத்தம் பதிவாகியிருந்தது. எரிச்சலோடு ஹெட்போனை மாட்டினேன்.

டொக்... டொக்... டொக்...

"சாமி... கதவத் தொறங்க... மூச்சு முட்டுதுங்..."

எழுந்துபோய்ப் பக்கத்து மேசை கௌசிக்கைச் சட்டையைப் பிடித்து இழுத்துவந்து அதைக் கேட்க வைத்தேன். "உன் வேலையாடா இது?"

"நானில்லீங்ணா! அதுல மைக்கே இல்லீங்களே..."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. இந்த ஒன்றால் புதிய பதிப்பே நின்றுகொண்டிருந்தது. சோதனையைத் தவிர்த்துவிடும்படி ஸ்கிரிப்டில் ஒரு வரி சேர்த்தேன். இந்த வேலையில் எல்லோரும் செய்வதுதான். தேறியதாகத் திரையில் பச்சை விழுந்தது. அன்றைக்கு வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டேன். வெட்கக்கேடு!

வெள்ளிக்கிழமை. மதியம் 2.40.

பின்பக்க பேட்டரி அறையிலிருந்து புகை. மாதாமாதம் பேட்டரி பார்க்க வரும் எலக்ட்ரீஷியன் தீர்த்தகிரி உள்ளே இருந்தார். அந்தக் கதவின் பூட்டு அடிக்கடி சிக்கும். கட்டட ஓனரிடம் பத்துத் தடவை சொல்லியும் அந்த ஆள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

டொக்... டொக்...

"சாமி... கதவத் தொறங்க..."

அதே குரல்.

உதைத்தேன். கத்தினேன். கௌசிக் கடப்பாரையோடு ஓடி வந்தான்.

2.47. கதவு உடைந்தது.

அதற்குள் சத்தம் நின்றுவிட்டது...

பதினாறாம் நாள் காரியத்துக்கு அவர் ஊரான மல்லசமுத்திரம் போனேன். அந்தப் பதிவைப் பற்றி நானும் கௌசிக்கும் யாரிடமும் மூச்சு விடவில்லை. தீர்த்தகிரியின் மனைவி பூவாத்தாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அந்த வெள்ளிக்கெழமைக்கு முந்தின செவ்வாக்கெழம ஊட்லதாங்க இருந்தாரு. மத்தியானம் படுத்துத் தூங்குனாருங்க. ரெண்டே முக்கா இருக்கும். 'கதவத் தொறங்க'ன்னு கத்திக்கிட்டே எந்திரிச்சாருங்க."

பூவாத்தாள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"என்ன கெனாங்கன்னு கேட்டனுங்க. 'அந்தக் கம்ப்யூட்டர் சாமிக்கு நாங் கூப்புடறது நல்லாக் கேக்குது பூவாத்தா... கேட்டுப்போட்டும் தொறக்க மாட்டேங்கறாரு'ன்னாருங்க."