மெட்னி

எண்பத்தாறில் அக்கா வயிற்றில் பிள்ளையோடு இருந்தபோது, லண்டனில் இருந்த மச்சாள் ஒருத்தி ஆங்கிலப் பின்னல் புத்தகம் ஒன்று அனுப்பியிருந்தாள். அதில் ஒரு குழந்தைச் சட்டைக்கு மெட்னி கோட் என்று பெயர் போட்டிருந்தது. எங்களுக்குத் தெரிந்த மெட்னி, டவுன் தியேட்டர்களில் பின்னேரம் ஓடும் படம்தான். பச்சைப்பிள்ளை படத்துக்குப் போட்டுக்கொண்டு போகிற சட்டையோ என்று நான் கேட்க, அக்கா சிரித்தாள்.

அத்தான் மானிப்பாய்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்தவர். இப்படி ஒரு கேள்வி கிடைத்தால் சோற்றை மறந்துவிடுவார். அது பிரெஞ்சுச் சொல், காலைப்பொழுது என்று அர்த்தம் என்றார். ஆங்கிலேயர் அதை எடுத்துப் பகல் காட்சிக்கு வைத்தார்கள். பெண்கள் வீட்டில் போடும் தொளதொள உடுப்புக்கும் வைத்தார்கள், குழந்தையின் சட்டைக்கும் வைத்தார்கள். பெண்கள் பார்த்து மயங்கும் நடிகனுக்கும் அதையே ஒட்டினார்கள். "உவங்கள் ஒரு சொல்லை வாங்கினால் சும்மா வைச்சிருக்க மாட்டாங்கள்" என்றார்.

அவருக்குப் படமென்றால் உயிர். பொழுதுபட்டால் தெருவில் ஆள் நடமாட்டம் இல்லாத காலம் அது. இரவுக் காட்சிகளை நிறுத்திவிட்டார்கள், மெட்னி மட்டும் ஓடியது. ஒரு சனிக்கிழமை, போவதா விடுவதா என்று சைக்கிளோடு முற்றத்தில் நின்றவரை அக்காதான் போகச் சொன்னாள். பிள்ளை பிறந்த பிறகு எங்கே போகப் போகிறீர்கள் என்றாள்.

படம் முடிந்து ஆட்கள் வெளியே வருகிற நேரம் கோட்டையிலிருந்து ஆமிக்காரர் ஷெல் அடித்தார்கள். ஒன்று தியேட்டர் வாசலில், சைக்கிள் விடும் இடத்தில் விழுந்தது. நானும் அப்பாவும் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அத்தானைத் தரையில் கிடத்தியிருந்தார்கள். முகத்தில் ஒரு கீறலும் இல்லை. அப்பா நம்பாமல் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

செத்தவீட்டுக்கு வந்தவர்கள், டவுனில் அவருக்கு என்ன அலுவல் என்று கேட்டார்கள். ஊர் கிடக்கிற கிடையில் படம் பார்க்கப் போனாராம் என்று பின்னால் குசுகுசுத்தார்கள். அம்மாவால் தாங்க முடியவில்லை. அக்காவின் காதுக்குள், "மருந்து வாங்கப் போனவர் எண்டு சொல்லு பிள்ளை" என்றாள்.

அக்கா அழுகையை நிறுத்தினாள். "மெட்னி பார்க்கப் போனவர். நான்தான் போகச் சொன்னனான்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். பிறகு அத்தானின் தாயைப் பார்த்து, "படம் பார்க்கப் போனால் சாகவேணுமோ, மாமி?" என்று கேட்டாள்.

மாமி முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குப் பிறகு எங்கள் வீட்டுப் படி மிதிக்கவில்லை. மகனை அனுப்பிக் கொன்றவள் என்று ஊரில் கதைத்துத் திரிந்தாள். பெண் பிள்ளை பிறந்த செய்தியைச் சொல்லி அனுப்பினோம். ஒருவரும் வரவில்லை.

தொண்ணூற்றைந்தில் ஆமி வருகிறதென்று எல்லோரும் வீடு வாசலை விட்டுத் தென்மராட்சிக்கு ஓடியபோது, ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் மாமியும் நாங்களும் ஒன்றாக அகப்பட்டோம். நடுவில் ஒரு சேலை கட்டியிருந்தோம். பேத்தி தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தால் வாங்கிக் குடிப்பாள், அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். அக்காவோடு மட்டும் கதைக்கவில்லை. மழை தொடங்கியதும் வயிற்றோட்டம் வந்து, அங்கேயே செத்துப்போனாள். வேறு பெண்கள் கிட்டப் போகப் பயந்தார்கள். அக்காவும் நானும்தான் குளிப்பாட்டினோம்.