அனகாபுத்தூருக்குக் கொண்டுபோன புடவை மூட்டை

காலை ஒன்பது மணிக்குத் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினேன். பல்லாவரத்துக்கு இருபது காசு டிக்கெட். நடுவே சானடோரியம், குரோம்பேட்டை என்று இரண்டே நிலையங்கள். என் மடியில் ஒரு புடவை மூட்டை. எதிரே இருந்த அம்மாள், "கைத்தறியா? ஒண்ணு பிரிச்சுக் காட்டுங்களேன்" என்றார்.

"விக்கிறதுக்கு இல்லம்மா. வேற ஒருத்தரோடது."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தன் பையைக் கிட்டே இழுத்துக்கொண்டார். பள்ளி ஆசிரியனான என்னை அதுவரை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

மூட்டை என் கைக்கு வந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் காலனி உருவாகி நான்கு வருடம்தான் ஆகிறது. என் அப்பா காலத்து ஊரில் தலையாரி கம்போடு சுற்றிவருவார். யார் எந்த வீடு என்று அவருக்குத் தெரியும். எங்கள் காலனியில் அடுத்த வீட்டுக்காரர் பெயரே தெரியாது. போலீஸ் ஸ்டேஷனிலோ ஆள் பற்றாக்குறை. "நீங்களே ஒரு காவல் குழு வெச்சுக்கோங்க சார்" என்று ஏட்டு யோசனை சொன்னார். வைத்தோம். ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் தலைவர், நான் செயலாளர். கையில் பட்டை, கழுத்தில் விசில். அதை மாட்டிக்கொண்ட அன்று எனக்கு நடையே மாறிப்போனது.

மூன்று வீடுகளில் பித்தளைக் குடங்கள் காணாமல் போயின. ஒரு சனிக்கிழமை மதியம், புடவை விற்க வந்த ஒருவர் ஒரு வீட்டு வாசலில் வெகுநேரம் நிற்பதைப் பார்த்தேன். விசில் ஊதினேன். ஐந்தே நிமிடத்தில் அவரை விளக்குக் கம்பத்தில் கட்டிவிட்டார்கள்.

"நான் நெசவுக்காரன் சார். அனகாபுத்தூரு. பேரு ஏழுமலை. அந்தம்மா கண்ணாடி எடுக்க உள்ள போயிக்கீது சார்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அடித்தவர்களை நான் தடுக்கவில்லை. ஸ்டேஷனில் "இவர்தான்" என்று கை காட்டியதும் நானே. இரண்டு நாள் வைத்திருந்து, ஆதாரம் இல்லையென்று விட்டுவிட்டார்கள்.

போன வாரம் குடங்கள் அகப்பட்டன. தலைவர் வீட்டுப் பின்பக்கக் கொட்டகையில், விறகுக்கு அடியில். எடுத்தவன் குதிரைப் பந்தயத்தில் தோற்ற அவருடைய தம்பி. குழு கூடியது. "குடும்ப மானம் சார். குடம்தான் வந்துடுச்சே, விட்டுடலாம்" என்றார் தலைவர். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். கூட்டம் கலைந்தபோது, குழு அறையின் மூலையில், அன்று பிடுங்கி வைத்த ஏழுமலையின் மூட்டை தூசி படிந்து கிடந்தது. அதைத் திருப்பித் தரவேண்டும் என்றே எங்களுக்குத் தோன்றியிருக்கவில்லை.

பல்லாவரத்தில் இறங்கியபோது பஸ் நிரம்பி வழிந்தது. பம்மல் வழியாக நாலு கிலோமீட்டர் நடந்தேன். தோல் பதனிடும் கிடங்குகளின் வாடை வழி நெடுக வந்தது. பத்தரை மணிக்கு நெசவாளர் தெருவில் நுழைந்தேன். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கவேண்டிய சந்து. வீட்டுக்கு வீடு தறிச் சத்தம்.

வாசலில் நின்ற ஒரு பெண் மூட்டையைக் கண்டுகொண்டாள். "இது ஏழுமலை அண்ணன் மூட்டையாச்சே! உன் கைக்கு எப்டி வந்துச்சி?"

தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. பத்துப் பேர் சூழ்ந்துகொண்டார்கள். என்னை அறியாமலே என் கண் விளக்குக் கம்பத்தைத் தேடியது. லுங்கி கட்டிய பெரியவர் ஒருவர் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார். "ஒக்காரு. ஏழுமலை வரட்டும், அவனயே கேப்போம்." யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். ஒருவரும் என்னைத் தொடவில்லை.

ஏழுமலை வந்தார். இடது காதில் பஞ்சு வைத்திருந்தார். என்னைக் கண்டதும் நின்றுவிட்டார். மூட்டையை நீட்டினேன், பிரித்துப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார்.

"திருடன் ஆப்ட்டானா சார்?" கேட்டுவிட்டு வலது காதை என் பக்கம் திருப்பினார்.

"ஆப்ட்டான். எங்க தலைவரோட தம்பி."

"அவனயும் கம்பத்துல கட்னீங்களா?"



உள்ளேயிருந்து அவர் மனைவி வந்தாள். "என் புருசன போலீஸ் புட்சிகினு போச்சின்னு ஊரே பேசுது. வாயால சொன்னா ஆவாது. எழுதிக் குடு."

எழுதினேன். உரக்கப் படிக்கச் சொன்னார்கள். "குடங்களை எடுத்தவர் வேறொருவர்" என்ற இடத்தில் ஏழுமலை கையை உயர்த்தினார்.

"வேறொருத்தருன்னா? பேரு இல்லியா?"

"அது... அவங்க குடும்பம்..."

"என் பேரு மட்டும் டேசன்ல எழுதிக்கீது சார்."

பேனாவைத் திறந்தேன். அந்தப் பெயரை எழுதக் கை வரவில்லை. "விசாரிக்காமல் விசில் ஊதியவனும், ஸ்டேஷனில் பொய்யாகக் கை காட்டியவனும் நான்" என்று சேர்த்து, என் பெயரையும் விலாசத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அது பாதி நேர்மைதான் என்று தெருவில் எல்லோருக்கும் தெரிந்தது. ஏழுமலை காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

பஸ் நிற்கும் இடம் வரை அவரே கூட வந்தார். "தனியா போனா எவனாச்சும் நிறுத்துவான்" என்றார். வழியில் மூன்று பேர் நிறுத்தினார்கள். மூன்று பேரிடமும் "நம்மகிட்ட வந்தவரு" என்று மட்டும் சொன்னார். எங்கள் காலனியில் அவருக்காக அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல ஓர் ஆள் இருக்கவில்லை.

பதினொன்றரைக்குப் பஸ் வந்தது. படியில் ஏறி, "வரேன் ஏழுமலை" என்றேன்.

போய்ட்டு வாங்க என்பார் என்று காத்திருந்தேன்.

"போங்க சார்" என்றார்.