உள்ளங்கையால் அமுக்கிய பிரேக்

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டருக்கு வாய் நீளம். கால் அதைவிட நீளம். பயிற்சி வண்டியில் அவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டல்லவா? ஓட்டுகிறவர் யோசிப்பதற்குள் இவர் கால் அதில் போய் விழுந்துவிடும். கட்டிய மனைவிக்கும் அவர்தான் கற்றுக்கொடுத்தார். ஒருநாள் நடுரோட்டில் வண்டி தூக்கிவாரிப் போட்டு நின்றது. பின்னால் ஒரே ஹாரன். உனக்கு இந்த ஜென்மத்தில் வண்டி வராது என்று சொல்லிவிட்டார். இறங்கியவள்தான், அதன் பிறகு ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை.

அப்பேர்ப்பட்டவருக்கு வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கார் பந்தயம் ஓட்டும் பைத்தியம் பிடித்தது. பழைய பெடல்கள் விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கின்றன என்று ஓரங்கட்டிவிட்டு, ஆக்சிலேட்டர் தனி, பிரேக் தனி என்று வாங்கிவந்து பலகையில் திருகினார். இரண்டுக்கும் தனித்தனி வயர். எது எதுவென்று கம்ப்யூட்டருக்கு ஒவ்வொன்றாக அமுக்கிக் காட்ட வேண்டும். இந்த பிரேக், பெடல் எவ்வளவு தூரம் இறங்குகிறது என்று பார்ப்பதில்லை; எவ்வளவு பலமாக அமுக்குகிறோம் என்று பார்க்கும். முழு பலத்தோடு அமுக்கச் சொன்னது திரை. மேஜைக்கடியில் படுத்திருந்த மாஸ்டர் எழுந்து உட்காரச் சோம்பல்பட்டு, உள்ளங்கையால் அமுக்கினார். திரையும் சரி என்றது.

அன்று மச்சான் வந்திருந்தான். கெஞ்சிக் கூத்தாடி அக்காவைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தவன் அவன்தான். இது சரியாக வந்தால் நிஜ வண்டியையும் இன்னொரு தடவை ஓட்டிப் பார்க்கலாம் என்று அவள் தம்பியிடம் முணுமுணுத்தாள். மாஸ்டர் காதிலும் அது விழுந்தது.

முதல் வளைவில் பிரேக்கில் கால் வைத்தாள். சக்கரம் இறுகி, கார் சுற்றிக்கொண்டு போய்ச் சுவரில் மோதியது. மறுபடி ஓட்டினாள், மறுபடியும் அதே சுவர்.

"அன்னிக்கே சொன்னேன்ல, உனக்கு வராதுன்னு" என்றார் மாஸ்டர்.

அவள் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். எப்படி ஓட்டுவதென்று காட்டுகிறேன் பார் என்று மாஸ்டர் பந்தாவாக உட்கார்ந்தார். அவர் காரும் அதே சுவரில் போய் முட்டியது.

மச்சான் மேஜைக்கடியில் குனிந்து பிரேக்கைக் கையால் அமுக்கிப் பார்த்தான்; திரை முழு பிரேக் என்று காட்டியது.

"அத்தான், செட் பண்ணும்போது கையாலயா அமுக்குனீங்க?"

மாஸ்டருக்கு அப்போதுதான் உறைத்தது. கையின் பலம் எங்கே, காலின் பலம் எங்கே! கை அமுக்கியதையே முழு பிரேக்காக எடுத்துக்கொண்ட கம்ப்யூட்டர், கால் பட்டாலே சக்கரத்தை நிறுத்திவிட்டது. ஊருக்கெல்லாம் பிரேக் பிடிக்கச் சொல்லிக்கொடுக்கிறவர்! வெட்கம் பிடுங்கித் தின்றது அவரை. நாற்காலியில் உட்கார்ந்து காலால் மிதித்து எல்லாவற்றையும் புதிதாக செட் செய்தார். பிறகு சமையலறை வாசலில் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். பிரேக்கை செட் செய்ததில் தப்பு தன்னுடையதுதான், வந்து உட்கார் என்றார்.

வந்தாள். முதல் வளைவை அழகாகத் திருப்பினாள். பக்கத்து நாற்காலியில் மாஸ்டர். அடுத்த வளைவு வந்ததும் தரையில் 'தொம்' என்று சத்தம். மாஸ்டரின் கால்தான், தானாகப் போய் மிதித்திருந்தது.

திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே அவள் கேட்டாள்.

"அன்னிக்கு நடுரோட்ல வண்டி நின்னுச்சே, அது என் காலா, உங்க காலா?"

மச்சான் விட்டத்தைப் பார்த்தான். அந்தக் கேள்விக்கு மாஸ்டருக்கு அன்றைக்கே பதில் தெரியும். தெரிந்துதான் இத்தனை வருஷமும் வாயைத் திறக்கவில்லை. முகம் சுண்டிப்போனது.

"என் கால்தான்" என்றார்.

அடுத்த வளைவு வந்துகொண்டிருந்தது. மாஸ்டர் இரண்டு கால்களையும் தூக்கி நாற்காலியின் மேல் மடக்கி வைத்துக்கொண்டார்.