பங்களாப் பிள்ளையின் அம்மாச்சி

அந்த நீல ஸ்வெட்டரைப் பின்னியவள் என் அம்மாச்சி. பங்களாவின் பின்புறத்தில் வெயில் விழும் இடமாகப் பார்த்து உட்கார்ந்து, துரைசானி சொல்லிக்கொடுத்தபடி ஊசிகளை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருப்பாள். மடியில் நூலுருண்டை, முதுகில் தொங்கிக்கொண்டு துரைசானியின் மகள், அந்தப் பங்களாப் பிள்ளை. ஸ்வெட்டர் அந்தப் பிள்ளைக்கு. கொடைக்கானல் மார்கழிக் குளிருக்கு நான் சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு திரிந்தேன்.

என்னைப் பெற்றதும் அம்மா இறந்துவிட்டாள். அப்பா பூண்டிக்குப் போய் அங்கே வேறு குடும்பமாகிவிட்டார். எனக்கென்று இருந்தவள் அம்மாச்சி ஒருத்திதான். அவளோ மிஷன் பள்ளியில் பாடம் நடத்திய வெள்ளைக்காரத் துரை வீட்டில் ஆயா. விடியுமுன் போவாள்; அந்தப் பிள்ளை தூங்கிய பிறகு வருவாள். பங்களாவில் அவள் கதை சொல்வாள், பாடுவாள், யானைபோல் குனிந்து பிள்ளையைச் சுமப்பாள் என்பதெல்லாம் அங்கிருந்த தோட்டக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுக்கு வரும்போது அவளிடம் பேச்சு மிச்சமிருக்காது. சோற்றைப் போட்டு, என் தலையை ஒருமுறை தடவிவிட்டுப் படுத்துவிடுவாள். அவள் சம்பளத்தில்தான் நான் சாப்பிட்டேன், பள்ளிக்கூடம் போனேன். அது தெரிந்தும் பொறாமை அடங்கவில்லை. ஒருமுறை அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அவள் பங்களாவிலேயே தங்கிவிட்டாள். எனக்கும் காய்ச்சல் வரட்டும் என்று மழையில் நின்றேன். வெறும் சளிதான் பிடித்தது.

நாங்கள் இருவரும் பாவாடை நீளமாகிக்கொண்டிருந்த வயதில் துரை குடும்பம் கப்பலேறித் தங்கள் ஊருக்குப் போய்விட்டது. இனி அம்மாச்சி எனக்குத்தான் என்று நினைத்தேன். அவளோ பழக்கத்தில் வெள்ளனே எழுந்து, முக்காடு போட்டு, வாசல்வரை போய்த் திரும்பிவருவாள். என்னைக் கூப்பிட வாயெடுத்தால் முதலில் அந்தப் பிள்ளையின் பெயர்தான் வரும். நான் திருத்தமாட்டேன், பதிலும் சொல்லமாட்டேன்.

சில வருடங்களில் அவளுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. நான் அப்போது ஒரு விடுதியில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். கஞ்சியைக் கொண்டுபோனால் உதட்டை இறுக்கிக்கொள்வாள். கெஞ்சினேன், அழுதேன், திட்டினேன். இப்படியே போனால் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் அந்தப் பங்களாப் பிள்ளை விடுமுறைக்கு மறுபடி மலைக்கு வந்தாள். நல்ல வளர்த்தி, எங்கள் நிலைப்படியில் குனிந்துதான் நுழைய வேண்டியிருந்தது. பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்தவள் என்னிடம் கேட்காமலே கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள்.

“வாயத் தொறத்தா. வெரசா முழுங்கு. எனக்குச் சோலி கெடக்கு.”

அவள் வாயிலிருந்து வந்தது அம்மாச்சியின் குரல். அதே இழுப்பு, அதே பொய்க்கோபம். அந்தக் குரலில் எனக்கு யாரும் ஊட்டியதில்லை. அம்மாச்சியின் கோணிய வாய் சிரித்தது, திறந்தது. கிண்ணம் காலியாகும்வரை சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பிழைத்துக்கொள்வாள் என்ற நிம்மதி பிறகுதான் வந்தது.

சாப்பிட்டு முடித்ததும் அம்மாச்சி நெளிந்தாள். என்ன வேண்டும் என்று அவள் குனிந்து கேட்டாள். அம்மாச்சி நல்ல கையால் அவளை மெல்லத் தள்ளினாள்.

“நீ வெளிய இரு பாப்பா,” என்றாள் குழறலாக. “இவ வரட்டும்.”

இடக்கையை என் கழுத்தில் போட்டுக்கொண்டாள். சேலை நனைந்திருந்தது. அதை மாற்றக் கதவைச் சாத்தும்போது வெளியே நின்றவளின் முகத்தைப் பார்த்தேன். அவளுக்கும் பொறாமையாகத்தான் இருந்தது.

விடுமுறை முடிந்து அவள் போய்விட்டாள். மறுநாளே அம்மாச்சி மறுபடி உதட்டை இறுக்கிக்கொண்டாள். பிறகு வேறு வழியில்லாமல் அவள் பேசிய அதே இழுப்பில், எனக்குச் சோலி கெடக்கு, வெரசா முழுங்குத்தா என்றேன். வாய் திறந்தது. அதன்பின் அவள் இருந்த ஒரு வருடமும் அப்படித்தான் ஊட்டினேன். கண்ணை மூடிக்கொண்டுதான் சாப்பிடுவாள். யார் ஊட்டுவதாக நினைத்துக்கொண்டாள் என்று நான் கேட்கவே இல்லை.