அம்ரா எழுதிய கடைசிச் சோதனை

அம்ராவைப் பற்றிக் கேட்டால் கம்பஸில் எல்லோரும் ஒரே சொல்லைத்தான் சொல்வார்கள்: பாவம். அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நாலு வருசமாக மூதூரிலிருந்து கடல் கடந்து லோஞ்சில், அந்த மோட்டார்ப் படகில், வந்து படித்தவள் அவள். மற்றப் பாடமெல்லாம் பாஸ். டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் என்ற கணினிப் பாடம் மட்டும் இரண்டு தடவை காலை வாரியது. மூன்றாவதுதான் கடைசி. அதிலும் போனால் பட்டம் இல்லை, வெறுங்கையோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

இரண்டாம் தடவைக்குப் பிறகு அவள் சிரிப்பதையும் விட்டாள், அழுவதையும் விட்டாள். "எப்பிடியடி இருக்கிறாய்?" என்றால், "இருக்கன்" என்பாள். நானும் ஒரு தடவை கோட்டை விட்டவள் என்பதால் சேர்ந்தே படித்தோம். கியூ என்றால் முதலில் வந்தது முதலில் போகும். ஸ்டாக் என்றால் கழுவி அடுக்கிய பீங்கான் மாதிரி, கடைசியாக வைத்ததைத்தான் முதலில் எடுக்கலாம். அம்ராவுக்கு இரண்டும் தண்ணீர் பட்ட பாடு.

சோதனையன்று பக்கத்துப் பக்கத்துக் கணினி. முப்பது புள்ளிக் கேள்வி: ஒரு லோஞ்சில் பயணிகள் ஏறுகிறார்கள், அவர்கள் இறங்கும் ஒழுங்கைக் காட்டப் புரோகிராம் எழுதுக. கீழே இன்னொரு வரி: முதலில் ஏறியவரே முதலில் இறங்குவார். கேள்வி போட்ட சேர் மூதூர் லோஞ்சில் ஒருநாளும் ஏறியிருக்க மாட்டார். முதலில் ஏறுகிறவர்கள் உள்ளே போய் இருப்பார்கள். கடைசியில் ஓடிவந்து ஏறுகிறவர்கள் வாசலிலேயே நின்று, கரை வந்ததும் முதலில் குதிப்பார்கள். அம்ரா அந்தக் கீழ்வரியைப் பார்க்கவே இல்லை. அவளுக்குத் தெரியாத லோஞ்சா?

அவள் திரையில் பயணிகளின் பெயர்கள் கடைசி ஆளிலிருந்து தலைகீழ் வரிசையில் விழுந்தன. நான் கண்டேன். கியூவுக்குப் பதிலாக ஸ்டாக் போட்டிருந்தாள். ஐயோ அம்ரா என்று வாய்வரை வந்தது. சேர் பின்னால் நடந்துகொண்டிருந்தார். நான் என் திரைக்குத் திரும்பிவிட்டேன்.

முடிவு வந்தது. பாஸுக்கு நாற்பது வேண்டும். எனக்கு நாற்பத்திநாலு, அவளுக்கு முப்பத்தாறு. கன்டீனில் நான்தான் கத்தினேன்.

"கேள்வி பிழையடி! அப்பீல் எழுது. மூதூர் ஆக்கள் முழுப்பேரையும் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு வாறன்!"

"கேள்வி சரிதான், மெலனி. அந்த வரிய நான் வாசிக்கல்ல." குரலில் ஒன்றுமே இல்லை. தேத்தண்ணியைக் குடித்து முடித்தாள். "நீ என்ட ஸ்கிரீனப் பாத்த தானே?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஓம்" என்றேன்.

"நீ பாத்தத நானும் கண்டன். நீ ஒண்டும் சொல்லல்லயா, அப்ப சரியாத்தான் செஞ்சிருக்கன் எண்டு நினைச்சன்."

அதைச் சொல்லும்போதும் அவளுக்குக் கோபம் வரவில்லை. எனக்கு ஒரு அறை விட்டிருக்கலாம். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.