ராசம்மாவுக்கு வந்து சேராத கடிதம்

சட்டத்தரணி புவனேஸ்வரி காலமான செய்தி, கொழும்பிலிருந்து நான் வந்த பஸ் கினிகத்தேனையில் நின்றிருந்தபோது எனக்கு வந்தது. எங்கள் அலுவலக எழுதுவினைஞர் அழைத்து, "சார், மேடம் நம்மள விட்டுட்டுப் போயிட்டாங்க" என்றார். மாரடைப்பாம். நம்பவே இல்லை. இரண்டு நாளைக்கு முன்புதான் என்னோடு மேசையைத் தட்டிச் சண்டை போட்டிருந்தார்.

உடப்புசல்லாவையில், அவருடைய பெற்றோர் வீட்டில் நடந்த இரங்கலுரைகளைக் கேட்டவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். "அமைதியானவர், எல்லோரையும் அனுசரித்துப் போனவர்" என்று ஒருவர் மாற்றி ஒருவர் பேசினார்கள். யாரைச் சொல்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. அட்டனில் பதினாறு வருடம் ஒரே அலுவலகத்தில் அவரோடு சட்டத்தரணியாக உட்கார்ந்தவன் நான். ஒரு நாள்கூட அனுசரித்துப் போனதில்லை. போகாததுதான் அவருடைய பெருமை.

எங்கள் சண்டை பெரும்பாலும் நிசாம் நானாவின் தேநீர்க் கடையில் நடக்கும். அநீதியான சட்டம் சட்டமே அல்ல என்பது சட்டத் தத்துவத்தில் பழைய கட்சி. அதிகாரமுள்ளவர் முறைப்படி இயற்றியதுதான் சட்டம், நல்லதா கெட்டதா என்பது வேறு கேள்வி என்பது இன்னொரு கட்சி. நான் அந்த இரண்டாவது கட்சி. நீதிபதி என்ன சொல்லப்போகிறார் என்பதுதான் சட்டம் என்பாரும் உண்டு. புவனேஸ்வரி எதிலும் சேரமாட்டார். "மூணு கட்சிக்காரங்களும் மேல இருந்தே பாக்குறீங்க சார். சட்டம் வந்து விழுற எடத்துல நின்னு யாருமே பாக்கலையே" என்பார். "மேடம், டீ ஆறுது" என்பார் நானா. அதையும் ஒரு வாதமாக எடுத்துக்கொண்டு புவனேஸ்வரி அவரோடும் மோதுவார்.

ராசம்மா முதலில் என்னிடம்தான் வந்தார். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர், கணவர் இல்லை. வீட்டில் யாரும் தோட்டத்தில் வேலை செய்யவில்லை என்று, தொழிலாளருக்கான வரிசை வீடுகளில், லயத்தில், அவர் இருந்த வீட்டைக் கேட்டு நிர்வாகம் வழக்குப் போட்டிருந்தது. அவர் நீதிமன்றத்துக்கு வராததால் தீர்ப்பு நிர்வாகத்தின் பக்கம் போய்விட்டது. பூட்டுப் போட ஆள் வந்த பிறகுதான் வழக்கு இருப்பதே அவருக்குத் தெரியும். நான் வழக்குக் கோவையைப் புரட்டினேன். அழைப்பாணையும் பிறகு தீர்ப்பும் தோட்டத்து முகவரியில் கொடுக்கப்பட்டிருந்தன. எதிர்ப்பதற்கான காலம் கடந்துவிட்டது. "ஒண்ணும் செய்ய ஏலாதும்மா" என்று அனுப்பிவிட்டேன். சட்டப்படி சரியாகத்தான் சொன்னேன் என்று நினைத்திருந்தேன்.

புவனேஸ்வரி வெளியே ஓடிப்போய், வாசற்படியில் வைத்து அவரைத் திரும்ப அழைத்துவந்தார். எங்கள் லயங்களுக்கு இலக்கமும் இல்லை, தெருவும் இல்லை. முழுத் தோட்டத்துக்கும் ஒரே முகவரி. எல்லாருடைய கடிதமும் தோட்டத்து ஆபீசுக்குத்தான் போகும். நானும் லயத்தில் பிறந்தவன், எனக்கு இது தெரியாதா? கோவையைத் திறந்ததும் மறந்துபோயிற்று. அதற்காக இன்றுவரை வெட்கப்படுகிறேன்.

நீதிமன்றத்தில் புவனேஸ்வரி தோட்டத்து எழுதுவினைஞரைக் கூண்டில் ஏற்றினார்.

"கடிதம் வந்தா எப்படிக் குடுப்பீங்க?"

"காலைல பெரட்டுல, வேலைக்குப் பேர் குடுக்க வர்றவங்ககிட்ட குடுப்போம்."

"ஓய்வு பெத்தவங்க பெரட்டுக்கு வருவாங்களா?"

"வரமாட்டாங்க."

"அப்ப ராசம்மாவோட அழைப்பாணை எங்க?"

"ஆபீஸ்லதான் இருக்கு."

வழக்குப் போட்டவரின் மேசையிலேயே எதிராளியின் அழைப்பாணை கிடந்திருக்கிறது! எதுவும் அவர் கைக்குச் சேராததால் எதிர்ப்பதற்கான காலமும் கடக்கவில்லை என்று தீர்ப்பு ரத்தானது; வழக்கை முதலிலிருந்து விசாரிக்க உத்தரவாயிற்று. வெளியே வந்ததும் நான், "அநீதியான சட்டம் சட்டமில்லைன்னு ஜெயிச்சிட்டீங்க" என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "இல்ல சார். ஒங்க சட்டத்த வச்சேதான் ஜெயிச்சேன். தெரியப்படுத்தணும்னு அதுல எழுதியிருக்கு. நீங்கதான் அந்த வரிய மதிக்கல."

அந்த விசாரணை இன்னும் முடியவில்லை. இழவு வீட்டில் ராசம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அம்மா போயிட்டாங்க. இனி எம் பக்கம் பேச யாருங்க இருக்கா? வீட்ட விட்டுப் போகச் சொல்லிருவாங்களா?" ஒரு தடவை இவரைத் திருப்பி அனுப்பியவன் நான். அழுகை வந்தது. அதைவிடக் கோபம் வந்தது.

புவனேஸ்வரியின் புத்தகங்களை நூலகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு அவருடைய கோபம் போதும். ராசம்மாவின் கோவையும் இப்போது என்னிடம் இருக்கிறது. புவனேஸ்வரி மறைந்ததோடு இந்த வழக்கும் அடங்கிவிடும் என்று யாராவது கணக்குப் போட்டிருந்தால் அழித்துவிடுங்கள். அடுத்த விசாரணைத் தவணையில் எதிராளிக்காக யார் ஆஜராகிறார் என்று நீதிபதி கேட்பார். நான் எழுந்து என் பெயரைச் சொல்வேன். ராசம்மா அன்று காலை தன் வீட்டிலிருந்துதான் புறப்பட்டு வந்திருப்பார்.