பட்டா நிலத்தில் ஆனைக்கு வெல்லம்

இன்று மூணாறு பஸ்ஸில் ஒரு வீடியோ பார்த்தேன்; வீட்டுக்கு வந்ததும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து சீட்டுத் தம்பி எங்கள் மறையூருக்கு மேலே ரிசார்ட் நடத்துகிறாராம். போனில் காட்டினார். முற்றத்தில் கொட்டிய வெல்லத்தைக் கொம்பன் ஆனை ஒன்று தின்கிறது. மாடியில் குழந்தைகள் கைதட்டுகிறார்கள்.

"தம்பி, இது தப்பில்லையா?"

"காட்டுக்குள்ள போய் வச்சாத்தாங்க தப்பு. இது என் பட்டா நிலம். யாருங்க கேப்பாங்க?"

எழுபதுகளில் என் அப்பாவும் பட்டா நிலத்தில்தான் வைத்தார். கரும்புப்பால் காய்ச்சும் நாளெல்லாம் முதல் உருண்டை வெல்லம் வரப்புக்குப் போகும். "பிள்ளையாருக்குக் குடுத்துட்டா தோட்டத்துல கால் வைக்கமாட்டாரு" என்பார். ஆனையும் தின்றுவிட்டு மரியாதையாகத் திரும்பிவிடும்.

ஒரு வருஷம் கரும்பு வெட்டு முடிந்து ஆலை ஓய்ந்தது. வரப்பில் வெல்லம் இல்லை. ஒரு விடியற்காலையில் ஆனை வீட்டுக்கே வந்துவிட்டது. அம்மா தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது, சுருட்டாமல் விட்டுப்போன அவள் பாயின்மேல் அடுப்படிச் சுவர் கிடந்தது. வெல்லப் பானையைக் காணோம்.

துப்பாக்கியோடு வந்தவர்களை அப்பா தடுத்தார். "அதை எதுக்குய்யா சுடணும்? கூப்பிட்டுப் பழக்குனவன் நான்ல இங்க நிக்கேன்!"

தம்பியிடம் இதைச் சொன்னேன். சிரித்தார்.

"நமக்கு அந்தப் பயமில்லீங்க. சீசன் முடிஞ்சா பூட்டிட்டு கோயமுத்தூர் போயிருவேன்."

அவர் ரிசார்ட்டுக்கு நேர் கீழேதான் எங்கள் தெரு.

பூட்டிய விஷயத்தை ஆனையிடம் யார் போய்ச் சொல்வது? தைரியமுள்ளவர்கள் கமெண்டில் கை தூக்கவும்.